பேரையூர்க் கத்திரிக்கு ஒரு பொன்னாடை

தம்பி, உங்களுக்கு ஒரு பொன்னாடை போர்த்த வேண்டும் என்று கோடை விடுமுறையிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீடியோ எடிட் செய்கிற கை உங்களுடையது. பந்தியில் முகம் சுளித்த சித்தப்பாவையும், மொய் எழுதும் மேசையில் கிளம்பிய சத்தத்தையும் சுவடே தெரியாமல் எடுத்துவிடத் தெரிந்த கை. அந்தக் கைதான் ‘ஆயிரத்தில் ஒருவன்’ படத்தை நம் ஊர்ச் சின்னப் பிள்ளைகளுக்காக ஒன்றேகால் மணி நேரத்துக்குள் அடக்கித் தந்தது. செல்வராகவன் எடுத்த படத்தைச் சொல்லவில்லை. 1965-இல் பி. ஆர். பந்துலு எடுத்தது, எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் முதல்முறையாகச் சேர்ந்து நடித்த கப்பல் படம்.

கூலி வாங்காமல் செய்தீர்கள். ராத்திரி கண்விழித்துச் செய்தீர்கள். ஐந்து வயசு, ஆறு வயசுப் பிள்ளைகள் பயந்துவிடக் கூடாது என்கிற ஒரே அக்கறை. அந்த மனசுக்கே தனியாக ஒரு மாலை போடலாம். மண்டபத்தில் விளக்கை அணைத்து, சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பென்டிரைவைச் செருகியபோது பிள்ளைகளுக்கு நடுவில் ஜமுக்காளத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அதனால் நான் சொல்வதெல்லாம் கண்ணால் கண்டது.

நல்ல எடிட்டருக்கு முதலில் தெரிய வேண்டியது படத்தின் உயிர் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. உங்களுக்கு அது துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் கத்திரி அந்த இடத்தில்தான் இறங்கியிருக்கிறது.

முதல் வெட்டையே எடுத்துக்கொள்வோம். மணிமாறன் ஒரு வைத்தியர். நெய்தல் நாட்டின் கொடுங்கோலனை எதிர்த்துக் கிளம்பியவர்கள் அடிபட்டுக் கிடக்கிறார்கள். யார் எவர் என்று பார்க்காமல் காயத்துக்கு மருந்து போடுகிறார். அதுதான் அவர் செய்த குற்றம். அதற்காக மற்றவர்களோடு சேர்த்துப் பிடிக்கப்பட்டு, கன்னித் தீவுக்கு அடிமையாக அனுப்பப்படுகிறார். படம் முழுக்க அவர் தூக்கும் வாளுக்குக் காரணம் இந்த ஒரு இடம். உங்கள் பிரதியில் மணிமாறன் தம் வீட்டில் சிரித்துக்கொண்டிருக்கிறார்; மெல்ல ஒரு டிஸ்ஸால்வ்; கடல்; தீவு. அலைச் சத்தத்தை முந்தின ஷாட்டின் கடைசியிலேயே லேசாக ஆரம்பித்து அடுத்த ஷாட்டுக்குள் கொண்டுபோயிருக்கிறீர்கள். தையல் தெரியவே இல்லை. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பொடியன் என் முழங்கையைப் பிடித்துக் கேட்டான்: “இவரு கப்பல்ல டூர் வந்துருக்காரா?”

அடிமைச் சந்தையும் இல்லை, சாட்டையும் இல்லை. அடிமைகள் நடுவே மணிமாறன் பாடும் வாலியின் பாட்டு, எதையும் ஏன் என்று கேட்கச் சொல்லும் பாட்டு, அதுவும் போயிற்று. மங்கலான வெளிச்சம், வாடிய முகங்கள், பிள்ளைகள் சோர்ந்துவிடுவார்கள் என்று நினைத்திருப்பீர்கள். பாட்டை எடுத்ததோடு நிற்காமல், கேள்வி கேட்கும் வேலையைப் பிள்ளைகளிடமே ஒப்படைத்துவிட்டீர்கள். படம் முடியும்வரை அவர்கள் வாய் ஓயவில்லை. “இவங்க எல்லாம் யாரு?” “ஏன் ஒரே மாதிரி சட்டை?” “அவங்க வீட்டுக்குப் போக மாட்டாங்களா?”

வாள்சண்டையில் மட்டும் ஒரு ஃபிரேம்கூடக் குறையவில்லை. நம்பியாரோடு மோதுகிற இடத்தைப் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று முழுதாக வைத்திருக்கிறீர்கள், பிடிக்கவும் செய்தது. விசில் பறந்தது. அப்போதுதான் இரண்டு பிள்ளைகள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. “இவரு நல்லவரா, கெட்டவரா?” என்று ஒன்று கேட்டது. “அடிக்கிறாருல்ல, அவருதான் நல்லவரு” என்று சொன்னது மற்றது.

தம்பி, எனக்கு அந்த இடத்தில் நெஞ்சு திக்கென்றது. பிள்ளைகளுக்கு வன்முறை வேண்டாம் என்றுதானே தொடங்கினீர்கள்? அடிபட்டவனின் வலியை எடுத்துவிட்டு அடியை மட்டும் வைத்திருக்கிறீர்கள். ஒருவனை ஏன் எதிர்க்க வேண்டும் என்பது போய்விட்டது. எப்படி வெட்ட வேண்டும் என்பது தெளிவாக, சத்தத்தோடு, முழு நீளத்துக்கு இருக்கிறது.

கண்ணதாசன் எழுதிய அந்தக் கப்பல் பாட்டையும் விட்டுவைத்தீர்கள். வெளிச்சமான பாட்டு, கடல், காற்று, எல்லோர் முகத்திலும் சிரிப்பு. பிள்ளைகள் எழுந்து ஆடினார்கள். விடுதலையைக் கேட்டுத் தொண்டை வெடிக்கப் பாடுகிறவர்களை அதற்கு முன்னால் யாரும் கட்டிப்போட்டதாகவே உங்கள் பிரதியில் இல்லை என்பதால், அது நல்ல பிக்னிக் பாட்டாக அமைந்தது.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். 1935-இல் எரால் ஃபிளின் நடித்து வந்த ‘கேப்டன் பிளட்’ படத்தின் சாயல் இதில் இருக்கிறது. அந்தப் படத்துக்கு மூலம் ரஃபேல் சபாடினி 1922-இல் எழுதிய நாவல். அந்த நாவலுக்கும் பின்னால் நிஜமான ஒரு வைத்தியர் இருக்கிறார். 1685-இல் இங்கிலாந்தில் மன்னனை எதிர்த்து எழுந்த மான்மத் கலகத்தில் காயம்பட்டவர்களுக்கு வைத்தியம் பார்த்த ஹென்றி பிட்மன், அதற்காகவே தண்டிக்கப்பட்டு பார்படோஸ் தீவுக்கு விற்பனைக்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து தப்பி வந்து தம் கதையைத் தாமே எழுதினார். முந்நூறு வருஷம், மூன்று நாடு, நாவல், சினிமா என்று எத்தனையோ கைகள் மாறியும் ஒருவரும் கைவைக்கத் துணியாத இடம், காயத்துக்கு மருந்து போட்டவன் அடிமையாக விற்கப்பட்டான் என்பது. ஹாலிவுட்டுக்கு வராத துணிச்சல் பேரையூரில் வந்திருக்கிறது.

அந்த இடம் நம் பிள்ளைகளுக்குப் புரியாது என்று எப்படி முடிவுசெய்தீர்கள் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். பெருங்காமநல்லூர் இங்கிருந்து வெகுதூரமா என்ன? குற்றப் பரம்பரைச் சட்டத்தின்படி கைரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த ஊர் மீது 1920 ஏப்ரல் 3 அன்று போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் மாயக்காளும் ஒருவர். குண்டடிபட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொடுக்கப் போனவர் என்று அப்பத்தாக்கள் இன்றைக்கும் சொல்கிறார்கள். ஜமுக்காளத்தில் இருந்த பிள்ளைகளில் எத்தனை பேர் ஏப்ரல் மாதத்தில் அந்த நினைவுத் தூணுக்குப் பெரியவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு போய்வந்தவர்களோ! அடிபட்டவனுக்கு உதவியதற்காகத் தண்டனை பெறுவது என்றால் என்ன என்று இந்தியாவிலேயே எளிதாகச் சொல்லக்கூடிய ஊர்ப்பக்கம் ஒன்று உண்டென்றால் அது நம்முடையது. அந்தப் பிள்ளைகளைத்தான் அந்தக் காட்சியிலிருந்து காப்பாற்றியிருக்கிறீர்கள்.

பந்துலுவையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். 1959-இல் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, 1961-இல் ‘கப்பலோட்டிய தமிழன்’ எடுத்தவர். செக்கிழுக்கும் வ.உ.சி.யைப் பிள்ளைகள் பார்க்கலாமா என்று அவர் தயங்கவில்லை. அந்தக் கையே பிறகு அடிமைக் கப்பலையும் எடுத்தது.

உங்களுக்குத் துணையாக உலகப் புகழ்பெற்ற ஒருவரும் இருக்கிறார். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 1982-இல் எடுத்த ‘ஈ.டி.’ படத்தை 2002-இல் மறுபடி வெளியிட்டபோது, பிள்ளைகளைத் துரத்தும் அதிகாரிகளின் கையிலிருந்த துப்பாக்கிகளைக் கம்ப்யூட்டரில் அழித்து வாக்கி டாக்கிகளாக மாற்றினார். உங்களைப் போலவே நல்லெண்ணம்தான். பிறகு 30-ஆம் ஆண்டு வெளியீட்டில் பழைய துப்பாக்கிகளையே திருப்பி வைத்தார். அப்படி மாற்றியிருக்கவே கூடாது என்று 2023-இல் வெளிப்படையாகவும் சொன்னார். தம் சொந்தப் படத்தில் தாமே கைவைத்த வருத்தம் அது.

அவருடைய இன்னொரு படத்தை வெட்டியவர்கள் வேறு வழியில் போனார்கள். ‘டெம்பிள் ஆஃப் டூம்’, 1984. இந்தியக் கிராமம் என்று அதில் காட்டியது கண்டியை. ‘தளபதி’யில் கலிவரதனாக வந்த அம்ரீஷ் புரிதான் அதில் பூசாரி. உயிரோடு இருப்பவனின் நெஞ்சிலிருந்து இதயத்தைப் பிடுங்குவார். அந்தப் படம் கிளப்பிய கூச்சலில்தான் அமெரிக்காவில் பதின்மூன்று வயசுக்கு என்று தனிச் சான்றிதழே பிறந்தது. பிரிட்டனில் பிள்ளைகளும் பார்க்கட்டும் என்று அந்த இதயக் காட்சியை வெட்டிக் குறைத்தார்கள். ஆனால் சுரங்கத்தில் சங்கிலியோடு கல் சுமக்கும் குழந்தைகளை விட்டுவைத்தார்கள். கதாநாயகன் யாருக்காகச் சண்டை போடுகிறான் என்று பார்க்கிற பிள்ளைக்குத் தெரிய வேண்டும் அல்லவா? ரத்தத்தைக் குறைத்தார்கள், சங்கிலியை விட்டார்கள். நீங்கள் சங்கிலியை எடுத்து, சண்டையை விட்டீர்கள். இந்த முறைக்கு உரிமையாளர் நீங்கள் ஒருவர்தான்.

நம் பக்கத்து டூரிங் டாக்கீஸ் ஆப்பரேட்டர்களும் கத்திரி போட்டவர்கள்தான். ரீல் நைந்துபோனால் வெட்டி ஒட்டுவார்கள். இரண்டாவது ஆட்டத்துக்கு நேரமாகிறதென்றால் ஒரு பாட்டை விழுங்கிவிடுவார்கள். தெரிந்ததும் மணல் தரையிலிருந்து ஒரு குரல் எழும்: “டேய் ஆப்பரேட்டரு, பாட்டைப் போடுறா!” தரை டிக்கெட்டில் உட்கார்ந்தவனுக்கும் முழுப் படம் தெரியும், எது போச்சு என்று கேட்க முடியும். நம் பிள்ளைகளுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. அவர்கள் பார்த்ததுதான் அவர்களுக்கு ‘ஆயிரத்தில் ஒருவன்’. எது போச்சு என்றே தெரியாத கூட்டத்திடமிருந்து எந்தக் குரலும் எழாது. இந்த நிம்மதி எந்த ஆப்பரேட்டருக்கும் வாய்த்ததில்லை.

பயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஊரில் பிள்ளைகளைத் தூங்கவைக்கச் சொல்லும் கதையில் மதுரைவீரனுக்கு மாறுகால் மாறுகை வாங்குகிறார்கள். எந்த அப்பத்தாவும் அந்த இடத்தைத் தாண்டிப் போவதில்லை. வேகத்தைக் குறைப்பாள். பிள்ளையை மடியில் இழுத்துப்போட்டுக்கொள்வாள். “அய்யோ, என்ன பாவம் செஞ்சாரு அவரு” என்று தானே கண்ணைத் துடைத்துக்கொள்வாள். பிள்ளை அழும், பிறகு கேட்கும், பிறகு தூங்கும். மறுநாள் அதே கதையைக் கேட்டு அடம்பிடிக்கும். கஷ்டமான இடத்தில் பிள்ளைக்குத் துணை இருந்தது. கதையில் ஒன்றும் குறையவில்லை.

வெட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று மணி நேரத்தை ஒட்டிய படம், ஆறு வயசுப் பிள்ளைக்கு அது நீளம்தான். காதல் பாட்டில் ஒன்றிரண்டை எடுத்தீர்கள், யாருக்கும் குறையில்லை. நகைச்சுவையை நறுக்கினீர்கள், அதுவும் சரி. நாகேஷுக்காக எனக்கு வருத்தம் உண்டு, ஆனால் சரி. சாட்டை முதுகில் விழும் ஷாட்டை எடுத்துவிட்டு விழுந்தவரின் முகத்தை வைத்திருக்கலாம். இரண்டு நாளாகப் பிரித்துப் போட்டிருக்கலாம். அடிமைச் சந்தை வந்ததும் நிறுத்திவிட்டு விளக்கைப் போட்டு, “இவங்கள ஏன் விக்கிறாங்க தெரியுமா?” என்று யாராவது கேட்டிருக்கலாம். நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். என்னிடம் சொல்லியிருந்தால் நானே கேட்டிருப்பேன்.

உங்களிடம் எனக்கு மிகவும் பிடித்த குணத்தைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் எதையும் அழிப்பதில்லை. வெட்டிய துண்டுகளை எல்லாம் ஒரே ஃபோல்டரில், வரிசை எண் போட்டு, ஒழுங்காக வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு லேப்டாப்பில் திறந்து காட்டினீர்கள். மருந்து போடும் இடம், சந்தை, சாட்டை, வாலியின் பாட்டு, எல்லாம் அதில் இருந்தது. வரிசையாக ஓட்டிப் பார்த்தேன். நடுவில் எங்கும் கதை அறுபடவில்லை. யார், எதற்காக, யாரை எதிர்க்கிறார்கள் என்று தெளிவாக விளங்கியது. பிள்ளைகளுக்கான பிரதியை நீங்கள் அருமையாகத்தான் தயாரித்திருக்கிறீர்கள், தம்பி. பென்டிரைவில் ஏற்றும்போது ஃபோல்டர்தான் மாறிப்போய்விட்டது.

காலாண்டு லீவுக்கு மண்டபத்தைக் கேட்டிருக்கிறேன், தருகிறேன் என்றிருக்கிறார்கள். புரொஜெக்டருக்கும் சொல்லியாகிவிட்டது. அந்த இன்னொரு ஃபோல்டரைக் கொண்டுவாருங்கள். அதோடு வாள்சண்டையில் ஒன்றையும் கப்பல் பாட்டையும் சேர்த்துவிடுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள். பொன்னாடையை அன்றைக்குப் போர்த்துகிறேன்.