மேலிடம் ஏன் தலையிடவில்லை?

இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் கடவுள் மீது புகார். அவர் விலாசம் கிடைக்காததால் என் விலாசத்துக்கு அனுப்பியிருக்கிறீர்கள் போலிருக்கிறது.

கேள்வி (கும்பகோணம்): எல்லாம் வல்லவர், எல்லாரிலும் நல்லவர் என்கிறோம். பிறகு ஏன் உலகம் இந்த லட்சணத்தில் இருக்கிறது? மனிதனுக்குச் சுதந்திரம் கொடுத்துவிட்டார், அதனால்தான் என்கிறார்களே, அந்தப் பதில் போதுமா?

பாதிக் கேள்விக்குப் போதும். கொலை, களவு, லஞ்சம், வரதட்சிணை எல்லாவற்றையும் மனிதக் கணக்கில் எழுதிவிடலாம். தப்புச் செய்யவே வழியில்லாமல் கையைக் கட்டிப் போட்டுவிட்டு ஒருவனுக்கு நல்லவன் என்று பட்டம் கொடுப்பதில் என்ன பெருமை? அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா 1974-ல் இதையே பலமான வாதமாகக் கட்டினார். சுதந்திரமும் இருக்க வேண்டும், ஒரு தப்பும் நடக்கக் கூடாது என்றால், அதற்கு உத்தரவாதம் கொடுப்பது கடவுளுக்கே ஆகாத காரியமாக இருக்கலாம் என்றார். ஆனால் 1955-லேயே இன்னொரு தத்துவ அறிஞர் ஜே. எல். மேக்கி குறுக்கு விசாரணை செய்துவிட்டார்: மனிதன் ஒரு தடவை தன்னிஷ்டப்படி நல்லதைச் செய்ய முடியும் என்றால், எல்லாத் தடவையும் தன்னிஷ்டப்படி நல்லதையே செய்கிற மனிதர்களாகப் படைத்திருக்கலாமே? இரண்டு கட்சிக்காரர்களும் இன்னும் வாய்தா வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பாதிக் கேள்வி அப்படியே நிற்கிறது. பூகம்பம் எவனுடைய சுதந்திரம்?

கேள்வி (பள்ளி மாணவி, பழநி): நான் பாஸாவேனா மாட்டேனா என்று கடவுளுக்கு இப்போதே தெரியும். அப்புறம் நான் எதற்குப் படிக்கணும்?

பாஸாவதற்கு. கிரகணம் என்றைக்கு என்று பஞ்சாங்கத்துக்கு முன்கூட்டியே தெரியும். அதற்காகச் சூரியனை மறைத்தது பஞ்சாங்கம்தான் என்று யாரும் சண்டைக்குப் போவதில்லை. நீ கெட்டிக்காரியாக இருந்தால், "பஞ்சாங்கம் சூரியனைப் படைக்கவில்லையே, சார்!" என்று என்னை மடக்குவாய். சரியான மடக்கு. ஆனால் அது பொதுத்தேர்வில் வராது. போய்ப் படி.

கேள்வி (தூத்துக்குடி): சொர்க்கத்தில் யாராவது தப்புத்தண்டா செய்வார்களா?

செய்ய மாட்டார்கள் என்றே பல மதங்கள் சொல்கின்றன. அங்கே சுதந்திரமும் உண்டு என்றால், சுதந்திரத்தோடு ஒழுங்காக இருக்கிற ஓர் ஊரை அவரால் நடத்த முடிகிறது. அதன் கிளை ஒன்றை ஏன் இங்கே திறக்கவில்லை என்றுதானே அடுத்த கேள்வி? அடுத்த கடிதத்துக்குப் போகிறேன்.

கேள்வி (நாகப்பட்டினம்): 2004 சுனாமியில், வேளாங்கண்ணிக்கு மாதாவைக் கும்பிட வந்தவர்களே அடித்துச் செல்லப்பட்டார்கள். இதற்கு என்ன சமாதானம் சொல்வீர்கள்?

சொல்ல மாட்டேன். இதுபோன்ற சமயத்தில் சமாதானம் சொன்னவர்கள் பட்ட பாட்டைச் சொல்கிறேன்.

1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாள். போர்ச்சுகலின் லிஸ்பன் நகரத்துத் தேவாலயங்களில் கூட்டம் நிரம்பியிருந்த காலை வேளையில் பூமி ஆடியது. பிறகு கடல் ஏறியது. மிச்சமிருந்ததைத் தீ தின்றது. இருக்கக்கூடிய உலகங்களிலெல்லாம் இதுதான் சிறந்த உலகம் என்று 1710-ல் எழுதிய தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ் அதற்குள் காலமாகியிருந்தார், தப்பித்தார். அவருக்கு விழ வேண்டிய அடியை, 'கான்டீட்' நாவலில் பாங்ளாஸ் என்ற வாத்தியாரின் முதுகில் 1759-ல் வால்டேர் இறக்கினார். மலகிரிதா என்ற பாதிரியார், இது பாவத்தின் சம்பளம், ஊரைக் கட்டுவதை விட்டுவிட்டு மண்டியிடுங்கள் என்று எழுதினார். அந்நாட்டு மந்திரிக்கு (பின்னாளில் போம்பல் பிரபு) கோபம் வந்து அவரை ஊரைவிட்டே அனுப்பினார். அந்தப் பாதிரியாருக்குப் பிற்பாடு நேர்ந்த முடிவு கொடுமையானது. மந்திரியும் ஒன்றும் சாது இல்லை. ஆனால் அவர் உருப்படியாக ஒன்று செய்தார். எவ்வளவு நேரம் ஆடியது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா என்றெல்லாம் ஊர் ஊராகப் பங்குக் குருமார்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பினார். உலகத்தில் இதுவரை வந்த கேள்வி-பதில்களில் எனக்குப் பொறாமை தருவது அது ஒன்றுதான்.

ரூசோ இன்னொரு பக்கம் போனார். அந்த இடத்தில் ஆறேழு மாடி வீடுகளை நெருக்கிக் கட்டியது இயற்கை இல்லையே என்று வால்டேருக்கே கடிதம் எழுதினார். இழவு வீட்டில் பேசக்கூடிய பேச்சில்லை. ஆனாலும் நம் கதையில் அதை வைத்துப் பாருங்கள். சுமத்ரா அருகே கடலடி குலுங்கியபோது நம் நேரப்படி காலை ஆறரை. நாகைக் கரையில் அலை ஏறியபோது ஏறக்குறைய ஒன்பது. நடுவே இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்தது. பசிபிக் கரையோரத்தாருக்கு 1949 முதல் எச்சரிக்கை மையம் இருக்கிறது. நம் கடலுக்கு 2007-ல்தான் ஐதராபாத்தில் அமைந்தது. அலை யார் பொறுப்பு என்பதை மேலிடம் சொல்லட்டும். அந்த இரண்டு மணி நேரம் நம் பொறுப்பு.

இதை வைத்து மேலிடத்துக்கு விடுதலைத் தீர்ப்பு எழுதிவிட வேண்டாம். மணலில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை எந்தச் சுதந்திரத்தைத் தப்பாகப் பயன்படுத்தியது?

கேள்வி (மதுரை): முன்வினை என்று ஒரே வார்த்தையில் முடிக்காமல் எதற்கு இத்தனை சுற்று?

முன்வினை என்றால், முதல் வினை எங்கிருந்து வந்தது என்று கேட்பார்களே! நம் சைவ சித்தாந்தம் இதில் சாமர்த்தியமானது. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) மூன்றுமே தொடக்கமில்லாதவை. உயிரையும் ஆணவ மலத்தையும் இறைவன் உண்டாக்கவில்லை. அழுக்கேறிக் கிடக்கிற உயிரைக் கழுவி எடுக்கத்தான் உலகத்தைப் படைத்துக் கொடுக்கிறான். "ஏன் அழுக்காகப் படைத்தாய்?" என்ற கேள்வியே அங்கே எழாது. இதற்கு விலையும் உண்டு: எல்லாம் அவனிடமிருந்தே தோன்றியது என்ற பெருமையை விட்டுக்கொடுக்க வேண்டும். எனக்கு அந்தப் பேரம் பிடித்திருக்கிறது. பிடிக்காதவர்கள், வினைக் கொள்கையை எடுத்துக்கொண்டு துக்கம் விசாரிக்கப் போகிறவர்கள்.

கேள்வி (ஸ்ரீரங்கம்): எல்லாம் அவன் செயல் என்றால் நம் முயற்சிக்கு என்ன வேலை?

இதை உங்கள் ஊரிலிருந்து கேட்கிறீர்களே! குரங்குக்குட்டி தாயைத் தானே கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்பது வடகலை. பூனைக்குட்டியைத் தாயே கவ்விக்கொண்டு போய்விடும் என்பது தென்கலை. நான் பார்த்தவரையில் சம்பள உயர்வு விஷயத்தில் குரங்குக்குட்டியாகவும் வீட்டு வேலை விஷயத்தில் பூனைக்குட்டியாகவும் இருப்பவர்களே அதிகம்.

கேள்வி (சேலம்): கெட்டவனாகப் போகிறவனைச் சின்ன வயதிலேயே எடுத்துக்கொண்டால் என்ன?

சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் பாஸ்ராவில் இஸ்லாமிய இறையியல் அறிஞர் அஷ்அரி தன் ஆசிரியர் ஜுப்பாயியிடம் கேட்டதாக ஒரு கதை உண்டு. மூன்று சகோதரர்கள். ஒருவன் நல்லவனாக வாழ்ந்து சொர்க்கம் போனான், ஒருவன் கெட்டு நரகம் போனான், ஒருவன் சிறுவனாகவே இறந்தான். "நானும் வளர்ந்து நன்மை செய்து உயர்ந்த இடம் பெற்றிருப்பேனே, ஏன் வாழவிடவில்லை?" என்று சிறுவன் கேட்டால்? "வளர்ந்தால் கெட்டுப்போவாய் என்று இறைவனுக்குத் தெரியும், உன் நன்மைக்காகத்தான்" என்றார் ஆசிரியர். "அப்படியானால் நரகத்தில் இருப்பவன், 'என்னையும் ஏன் சிறுவனாகவே எடுத்துக்கொள்ளவில்லை?' என்று கத்துவானே?" ஆசிரியர் வாயடைத்துப் போனார். மாணவர் தனிச் சிந்தனைப் பள்ளி தொடங்கினார்.

கேள்வி (ஈரோடு): படைத்தவனையே திட்டுவது பாவமில்லையா?

வள்ளுவரிடம் கேளுங்கள். பிச்சையெடுத்துத்தான் ஒருவன் உயிர்வாழ வேண்டுமென்றால் உலகத்தைப் படைத்தவனும் அலைந்து கெடட்டும் என்று 'இரவச்சம்' அதிகாரத்தில் சாபமே கொடுத்திருக்கிறார். அதே ஆள் முதல் அதிகாரத்தில் கடவுளை வாழ்த்தியும் இருக்கிறார். ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு. இப்படி அமைத்தவன் பண்பில்லாதவன் என்று புறநானூற்றில் (194) பக்குடுக்கை நன்கணியார் பாடுகிறார். யார் நாக்கும் அழுகவில்லை. பைபிளில் யோபு கதையைப் பாருங்கள்: சாம்பலில் உட்கார்ந்து நியாயம் கேட்ட யோபுவைக் கடவுள் அதட்டினாலும் கடைசியில் அவன் பக்கமே பேசுகிறார். கடவுளுக்கு வக்காலத்து வாங்கிய மூன்று நண்பர்களுக்குத்தான் அபராதம்: ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா.

கேள்வி (சென்னை): ஒரு நாள் முதல்வர் மாதிரி உங்களை ஒரு நாள் கடவுளாக்கினால் எதைச் சரிசெய்வீர்கள்?

எங்கள் தெருக்கோடி ஒலிபெருக்கியை. விடியற்காலை நாலரைக்கு என்னைத்தான் புகழ்ந்து பாடிக்கொண்டிருக்கும், இருந்தாலும் நிறுத்துவேன். உடனே ஒலிபெருக்கிக்காரர் தன் சுதந்திரம் பறிபோனதாக மனு கொடுப்பார். அதை விசாரித்து முடிப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும்.