ஓய்வெடுக்கும் படகு

ஓய்வு என்பது உழைப்பின் களைப்பைத் தீர்க்கும் அருமருந்து என்று சாஸ்திரங்களும் டாக்டர்களும் ஏகமனதாகச் சொல்லி வந்தாலும், அந்த விதி மனிதருக்கும் மாட்டுக்கும் பொருந்துமே ஒழிய மீன்பிடிப் படகுக்குப் பொருந்தாது என்பதை, கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் உப்பனாற்றங்கரையில் வாசம் செய்பவர்கள் நன்கு அறிவார்கள். அலைகளோடு மல்லுக்கு நின்று ஓடித் திரியும் வரையில் ஓரளவு சுத்தமாகவே இருக்கும் படகு, ஆற்றில் கட்டிப்போட்டுச் சில வாரம் சும்மா கிடந்தால், அதன் அடிப்புறத்தில் முதலில் வழுக்கலும், அதன்மேல் பாசியும், அதற்கும் மேலே கொட்டலசுமாக ஒரு குடியிருப்பே தோன்றிவிடுகிறது.

சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவில் எனக்கு உத்தியோகம். பம்பு, வால்வு, குழாய் ஆகியவை பழுதாவதற்கு முன்பே அவற்றைக் கவனித்து, கவனித்ததாக அட்டவணையில் கையொப்பமிடுவது என் கடமை. ஆறு நாள் சம்பளத்துக்கு இயந்திரங்களைப் பராமரிப்பவன் ஏழாம் நாள் சம்பளமில்லாமல் ஒரு படகைப் பராமரிப்பதுதான் தர்மம் என்று, ஃபைபர் படகு வைத்திருக்கும் என் மைத்துனர் எப்போதோ தீர்மானித்துவிட்டார். "நீங்க சும்மா வந்து நின்னாப் போதும் மச்சான்" என்பது அவருடைய அழைப்பு வாசகம். நிற்பதாக ஆரம்பிக்கும் அந்த உபகாரம், சற்று நேரத்தில் குந்துவதாகவும், பிறகு மண்டியிடுவதாகவும், பிற்பகலில் படகுக்கு அடியில் மல்லாந்து கிடப்பதாகவும் பரிணமித்துவிடும்.

படகைக் கரையேற்றுவதற்கு டிராக்டரில் பூட்டிய ஒரு டிரெய்லர் உண்டு. நீரில் பிறந்த படகு நிலத்துக்கு வர மறுப்பது நியாயம். நிலத்தில் பிறந்த டிரெய்லர் நீரில் இறங்க மறுப்பதும் நியாயமே. இந்த இரண்டு நியாயங்களுக்கும் நடுவில் அகப்பட்டுக்கொள்பவன் கையில் கிரீஸ் டப்பாவோடு நிற்கும் மனிதன். சாலையில் ஓடிச் சூடேறிய சக்கரம் திடீரென்று குளிர்ந்த நீரில் முழுகும்போது, பேரிங்குக்குள் இருக்கும் காற்று சுருங்கி உப்புநீரை உள்ளே உறிஞ்சிக்கொள்கிறது. உப்பு புகுந்த பேரிங் கொஞ்ச காலம் முனகிப் பார்த்துவிட்டு, ஊருக்கு வெகுதூரத்தில், வெயில் உச்சியில் இருக்கும் வேளையாகப் பார்த்துப் பிராணனை விடுகிறது. ஆகவே சக்கரம் ஆறிய பிறகே நீரில் இறக்க வேண்டும், ஏறியதும் நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும், பழைய கிரீஸை வழித்துப் புதியதை அடைக்க வேண்டும் என்று நான் உபதேசித்ததற்கு, "ஆறட்டும்னு நாம நின்னா மீன் நிக்குமா மச்சான்?" என்று மைத்துனர் கேட்ட கேள்விக்கு எங்கள் தொழிற்சாலையின் எந்தக் கையேட்டிலும் விடையில்லை.

இனி கொட்டலசின் மகாத்மியத்துக்கு வருவோம். பார்வைக்குச் சிப்பி போலத் தோன்றினாலும், இது இறாலுக்கும் நண்டுக்கும் உறவுக்கார ஜீவன். இளமையில் நீந்தித் திரிந்து, தக்க இடம் கண்டதும் தன் தலையைப் பசை வைத்து ஒட்டிக்கொண்டு, சுற்றிலும் சுண்ணாம்புக் கோட்டை கட்டிக்கொண்டு, எஞ்சிய ஆயுளெல்லாம் காலால் உணவை வாய்க்குள் தள்ளியபடி தலைகீழாக வாழ்கிறது. ஈரம் காய்வதற்குள் மரத் தகட்டால் சுரண்டினால் ஓரளவு இணங்கும். வெயிலில் காய்ந்துவிட்டாலோ, உயிர் போனாலும் இடத்தைக் காலி செய்யாது, பெயர்த்தெடுத்த பிறகும் வெள்ளை வட்டம் ஒன்றை உரிமைப் பத்திரமாக விட்டுச் செல்லும். சார்லஸ் டார்வின் 1846 முதல் 1854 வரை எட்டு ஆண்டுகள் இந்தப் பிராணியையே ஆராய்ந்தார் என்றும், அதைக் கண்டு வளர்ந்த அவர் குழந்தைகளில் ஒன்று, அண்டை வீட்டுக்காரர் தம் கொட்டலசு வேலையை எங்கே உட்கார்ந்து செய்கிறார் என்று விசாரித்ததாகவும் ஒரு கதை உண்டு. இதை மைத்துனரிடம் சொன்னேன். "எட்டு வருஷமா பாத்துக்கிட்டே இருந்தாரே, ஒண்ணையாவது சுரண்டினாரா?" என்றார்.

சுரண்டிய இடத்தில் பூசுவதற்கு, மரப்படகுகளின் காலத்தில் முந்திரிக்கொட்டை எண்ணெய் இருந்தது. பண்ருட்டி பக்கத்தில் இருக்கும்போது அதற்கு என்ன பஞ்சம்! இப்போது தாமிரம் கலந்த சிவப்பு வர்ணம் வந்திருக்கிறது. அந்நாளில் ஆங்கிலேயர் தங்கள் போர்க்கப்பல்களுக்குத் தாமிரத் தகட்டையே அடித்தார்கள். அது கடல்நீரில் அரித்துப் போவதைக் கண்டு மனம் பொறுக்காத விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி, 1824-ஆம் ஆண்டில், தாமிரத்தோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்தால் அரிப்பு நின்றுவிடும் என்று கண்டுபிடித்தார். அரிப்பு நின்றது, ஆனால் தாமிரம் கரைவதும் நின்றதால், விஷத்தின் பயம் நீங்கிய கொட்டலசுகள் கப்பலடியில் குடும்பம் குடும்பமாகக் குடியேறின. தான் தேய்ந்தால்தான் பிறரைக் காக்க முடியும் என்ற நீதியைச் சந்தனக்கட்டை சொன்னால் கைகூப்புகிறோம். தாமிரம் சொன்னபோது கப்பற்படை கோபித்துக்கொண்டது.

வர்ணத்தின் நெடியைப் பற்றி வெளியூர் விருந்தினர்கள் குறைப்படுவதுண்டு. இவ்வூர் மூக்குகளுக்கு அது ஒரு பொருட்டே அல்ல. காற்றில் வரும் நாற்றத்தை இனம் பிரித்துக் குறித்து வைத்ததோடு நில்லாமல், 2004-இல் காற்றையே வாளியில் பிடித்துப் பரிசோதனைக்கு அனுப்பியவர்கள் இவ்வூர் மக்கள். ஆற்றில் மீன் குறைந்துவிட்டது என்று இவர்கள் முறையிட்டுக் கேட்டிருக்கிறேன். கொட்டலசு குறைந்துவிட்டது என்று ஒருவரும் முறையிட்டதில்லை.

கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாதென்று சர்க்கார் தடை விதித்திருக்கிறது. மீன்கள் நிம்மதியாக இனம் பெருக்கும் அந்த நாட்களில் துறைமுகத்தில் உள்ளவர்களுக்குச் சுரண்டலும் வர்ணப் பூச்சுமே வேலை. இத்தனை கருணையுள்ள சர்க்கார், படகு சுரண்டுவோருக்கும் அதுபோல் ஒரு தடைக்காலம் அருளினால் என்ன என்று ஒரு விண்ணப்பம்கூட எழுதினேன். எழுதி முடித்ததும்தான் புத்தி விழித்துக்கொண்டது: அந்த 61 நாளும் படகு ஓய்வெடுக்குமே, அது ஓய்வெடுத்ததன் பலனை 62-ஆம் நாள் யார் சுரண்டுவது? விண்ணப்பத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.