மூன்று நட்சத்திரம் போட்ட படுகொலை

ஜாலியன்வாலா பாக் இந்த வருஷம் வராதாம். போன வருஷமே வந்துவிட்டதாம். பிளஸ் டூ வரலாற்றுத் தேர்வு நெருங்கும்போது ஊருக்கு ஊர் சொல்லப்படும் ஆரூடம் இந்த ரகம்தான். 1919 ஏப்ரல் 13 அன்று அமிர்தசரஸில், நாலாபுறமும் சுவர் சூழ்ந்த திடலில் கூடியிருந்த மக்கள்மேல் ஜெனரல் டயரின் சிப்பாய்கள் 1,650 ரவைகளைச் சுட்டார்கள். செத்தவர்கள் 379 பேர் என்று வெள்ளைக்கார அரசாங்கமே எழுதிவைத்தது. காங்கிரஸ் சொன்ன கணக்கு அதைவிட மிக அதிகம். இத்தனை பேர் செத்தும் என்ன பயன்? அடுத்தடுத்த மார்ச்சில் ஒரே கேள்வியைக் கேட்கும் வழக்கமில்லை என்பதால் அவர்களை இந்த ஆண்டு சாய்ஸில் விட்டுவிடலாம். சௌரி சௌராவைப் பார், ரொம்ப நாளாக வரவில்லை. அதற்கு மூன்று நட்சத்திரம் போடு.

பழைய வினாத்தாளை வைத்துப் பயிற்சி எடுப்பதில் குற்றம் ஒன்றும் இல்லை. மூன்று மணி நேரத்தில், 90 மதிப்பெண்ணுக்கு, 41 விடைகள் எழுத வேண்டிய பிள்ளைக்குக் கை வேகம் வர வேண்டாமா? புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டு வினாத்தாளை எடுத்தது ஒரு காலம். இப்போது வினாத்தாள்தான் பாடம். புத்தகம் என்பது பள்ளி திறந்ததும் அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பது. ஆண்டுக் கடைசியில் பழைய பேப்பர்க்காரருக்கு அட்டை மடங்காமல் போய்ச் சேர்வது.

முறை இதுதான். ஐந்தாண்டுத் தாள்களை வரிசையாகப் பரப்பி, எந்தப் பாடத்திலிருந்து எத்தனை கேள்வி வந்தது என்று எண்ணு. ஒரு மார்க் இருபதுக்கும் பாடக் கடைசியிலுள்ள கேள்விகளை, அதாவது புக் பேக்கை, உருப்போடு. போதாததற்குப் பெற்றோர் ஆசிரியர் கழக வினா வங்கி இருக்கிறது. இரண்டு மார்க்கில் பத்துக்கு ஏழு எழுதினால் போதும். மூன்று மார்க்கிலும் அப்படியே. ஐந்து மார்க் கேள்விகள் ஏழுக்கும் 'அல்லது' உண்டு. அரசாங்கம் மனமிரங்கிக் கொடுத்த இந்தச் சாய்ஸையெல்லாம் கூட்டிக் கழித்தால், புத்தகத்திலுள்ள 15 பாடங்களில் எவற்றைத் திறக்காமலேயே கரை சேரலாம் என்பது தெரிந்துவிடும். பிரெஞ்சுப் புரட்சி வேண்டுமா, வேண்டாமா? முதல் உலகப்போரை விட்டால் எவ்வளவு நஷ்டம், இரண்டாவதை விட்டால் எவ்வளவு? கணக்கு வராது என்று ஆர்ட்ஸ் குரூப்பில் சேர்த்த பையன் இந்த நிகழ்தகவுக் கணக்கில் புலி. அவனைக் கணக்கில் மக்கு என்று சொன்னவர் யாரோ?

இந்தப் பழைய வினாத்தாள் தொகுப்புகளில் 2021 மார்ச்சுக்கு மட்டும் தாள் இருக்காது. கொரோனாவால் அந்த ஆண்டு பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. ஊரடங்கு, ஆக்சிஜனுக்கு அலைந்த கூட்டம், நெடுஞ்சாலையில் கால்நடையாக ஊர் திரும்பிய தொழிலாளிகள் என்று இந்தத் தலைமுறை தன் கண்ணால் பார்த்த வரலாறு அது. தொகுப்பில் அதற்கு இருக்கும் ஒரே தடயம், ஒரு தாள் குறைவது. "அந்த வருஷம் பேப்பர் இல்ல சார்." அதோடு முடிந்தது பெருந்தொற்று.

விடை எழுதுவதற்கும் சாஸ்திரம் உண்டு. முன்னுரை, காரணங்கள், நிகழ்வுகள், விளைவுகள், முடிவுரை. தலைப்புகளைக் கறுப்புப் பேனாவில் எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட வேண்டும். விடைத்தாள் திருத்தும் முகாமில் வேகாத வெயிலில் கட்டுக் கட்டாகத் திருத்துகிற ஆசிரியருக்கு வரி வரியாகப் படிக்க ஏது நேரம்? கண் தலைப்பைத் தேடும். தலைப்பு கீ ஆன்சரில் இருந்தால் மார்க் விழும். ஆகவே நம் பிள்ளைகளிடம் எந்தப் போராட்டத்துக்கும் பொருந்தும் மூன்று வாக்கியங்கள் தயாராக இருக்கின்றன: மக்கள் பெருந்திரளாகக் கலந்துகொண்டனர். ஆங்கிலேயர் கடுமையாக ஒடுக்கினர். இதனால் தேசிய உணர்வு வளர்ந்தது. இந்த மூன்றையும் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் 1806 ஜூலையின் வேலூர்க் கோட்டையிலிருந்து 1942 ஆகஸ்ட் வரை எங்கே வேண்டுமானாலும் போய்வரலாம். 1908இல் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளிகள் எதற்காக வேலைநிறுத்தம் செய்தார்கள், வார விடுமுறைகூட இல்லாமல் அவர்கள் எப்படி வேலை பார்த்தார்கள், அவர்கள் பக்கம் நின்ற வ.உ.சி.க்கு 40 வருஷம் தண்டனை விதிக்கிற அளவுக்கு வெள்ளைக்காரனுக்கு அப்படியென்ன பயம் என்றெல்லாம் நோண்டினால் நேரம்தான் வீண். அதற்கு உபதலைப்பு இல்லை.

வைக்கத்தை எடுத்துக்கொள்வோம். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடக்கவே கூடாதென்று தடுக்கப்பட்ட மக்களுக்காக 1924 மார்ச் 30 அன்று தொடங்கி, ஒன்றரை ஆண்டுக்கு மேல் நடந்த சத்தியாகிரகம். ஈரோட்டிலிருந்து போன பெரியார் இரண்டு முறை சிறைக்குப் போனார். இந்தக் கேள்விக்குத் தலைப்புப் போட்டு, அடிக்கோடிட்டு, முழு மதிப்பெண் வாங்குகிற அதே கையில் சாதிக்கொரு நிறமாகக் கயிறு கட்டியிருக்கிறது. தேர்வெழுத அந்தக் கயிறு இடைஞ்சல் செய்வதில்லை. ஹால் டிக்கெட் இல்லையென்றால்தான் உள்ளே விடமாட்டார்கள்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவன் ஒருவனை, அவன் பள்ளிப் பிள்ளைகளே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையும் வெட்டுப்பட்டாள். பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் தேறாமல் யாரும் பிளஸ் டூ வகுப்பறைக்குள் கால் வைத்திருக்க முடியாது. தீண்டாமை பெருங்குற்றம் என்று பாடநூல்களின் தொடக்கப் பக்கத்திலேயே அச்சிடுகிற மாநிலம் இது. என்ன செய்வது, தொடக்கப் பக்கம் புக் பேக்கில் வராது! பிறகு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள். 2024 ஜூனில் அறிக்கை கொடுத்த அவர், நிறக் கயிறுகளைத் தடை செய்யச் சொன்னார். இன்னும் சில ஆண்டுகளில் அதுவும் பாடத்தில் ஏறும். குழுத் தலைவர் யார், அறிக்கை அளித்த ஆண்டு எது என்று ஒரு மார்க்குக்கு நான்கு விடைகள் கொடுத்துக் கேட்பார்கள். கயிறு கட்டிய கை சரியான விடையைத் தேர்ந்தெடுத்து எழுதும்.

உடனே எல்லோரும் வாத்தியாரைத் திட்டக் கிளம்பிவிடாதீர்கள். அவரைக் கேட்டால் அவர் வேறொரு கதை சொல்வார். தேர்வு முடிவு வந்ததும் பாடவாரியாகத் தேர்ச்சி விகிதம் எடுப்பார்கள். விகிதம் குறைந்த பாடத்தின் ஆசிரியரும் தலைமையாசிரியரும் அதிகாரிகளின் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளையாவது பாடத்தை மறுத்து ஒரு கேள்வி கேட்டதா என்று அந்தக் கூட்டத்தில் யாரும் விசாரிப்பதில்லை. விசாரிக்கிறவர்களே கேள்வி கேட்காமல் மேலே வந்தவர்கள்தானே. ஆகவே 'மெல்லக் கற்போர்' என்று பெயர் சூட்டிய பிள்ளைகளுக்கு மினிமம் மெட்டீரியல் என்றொரு கையேடு தயாராகிறது. சில பக்கங்களில் இந்தியா. முப்பத்தைந்து மார்க்குக்கு எவ்வளவு விடுதலைப் போராட்டம் தேவையோ அவ்வளவே அதில் இருக்கும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு ரேஷனில் அளந்து போட்ட வரலாறு அது. அவன் தாத்தாவை ஊர்க் கிணற்றில் நீர் எடுக்க விடாதவர்கள் யார், எந்தப் போராட்டத்தால், எந்தச் சட்டத்தால் அவன் இந்த பெஞ்சில் உட்கார முடிந்தது என்பதெல்லாம் மினிமத்துக்கு மேற்பட்ட விஷயங்கள். 1932 செப்டம்பரின் பூனா ஒப்பந்தத்தில் தாழ்த்தப்பட்டோருக்கு மாகாணச் சட்டசபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. அம்பேத்கர் எதைக் கேட்டார், எதைக் கொடுத்தார்கள், காந்தி ஏன் எரவாடா சிறையில் உண்ணாவிரதம் இருந்தார் என்பது ஒரு வகுப்பையே இரண்டாகப் பிரித்து ஒரு வாரம் சண்டைபோட வைக்கக்கூடிய விஷயம். நம்மிடம் அது 'சிறுகுறிப்பு வரைக.'

சீர்திருத்தமும் செய்து பார்த்தார்கள், இல்லையென்று சொல்லக்கூடாது. பல தனியார் பள்ளிகள் பிளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலே இரண்டு வருஷமும் பிளஸ் டூவை உருப்போட வைத்ததால், 2017-18இல் பிளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்தது. 1,200 மார்க் 600 ஆனது. புதுப் பாடநூல்கள் வந்தன. அவற்றில் நல்ல எழுத்தும் உழைப்பும் உண்டு. இனிப் பாடத்தின் உள்ளிருந்தும் கேள்வி வரும் என்றார்கள். அவ்வளவுதான், கிளம்பியது கூக்குரல். புக் பேக்கில் இல்லாத கேள்வி, மாணவர்கள் கண்ணீர், கருணை மதிப்பெண் தேவை! பாடப் புத்தகத்திலிருந்து பாடத்தைக் கேட்டுவிட்ட கொடுமைக்கு நீதி கேட்டுப் பெரியவர்கள் வரிந்து கட்டிய காட்சியை வேறெங்கே பார்க்க முடியும்? ரௌலட் சட்டத்துக்கு எதிராகக்கூட நாடு இவ்வளவு சீக்கிரம் திரளவில்லை. 2025இல் அந்தப் பிளஸ் ஒன் பொதுத்தேர்வையும் ரத்து செய்தாயிற்று. பிள்ளைகளுக்கு மன அழுத்தம் குறையும் என்றார்கள். குறையட்டும். கைடு கம்பெனிக்கும் ஒரு புத்தகம் குறையும் என்று யாரும் கவலைப்பட வேண்டாம், அவர்கள் சமாளித்துக்கொள்வார்கள்.

2023இல் டெல்லியில் நடந்தது நினைவிருக்கும். என்.சி.இ.ஆர்.டி. தன் பன்னிரண்டாம் வகுப்பு வரலாற்று நூலிலிருந்து முகலாய அரசவைகளைப் பற்றிய பாடத்தைத் தூக்கியது. பிரிவினைப் பாடமும் போனது. காந்தி கொலையை அடுத்து ஆர்.எஸ்.எஸ். தடைசெய்யப்பட்டதைச் சொன்ன வரிகள் அரசியல் அறிவியல் நூலிலிருந்து மறைந்தன. பாடச்சுமையைக் குறைக்கிறோம் என்றார்கள். நமக்கு வந்ததே கோபம்! கண்டன அறிக்கை, தலையங்கம், தொலைக்காட்சி விவாதம். வரவேண்டிய கோபம்தான். தாஜ்மகாலை வைத்துக்கொண்டு ஷாஜகானைத் தூக்குகிறவர்களிடம் வேறெப்படிப் பேசுவது? ஆனால் நம் மாநிலப் பாடநூலைத் திறந்து பாருங்கள். தேசிய அரசியலில் வகுப்புவாதம் எப்படி நுழைந்தது, யார் நுழைத்தார்கள், அதற்கு ஆங்கிலேயன் எப்படித் தண்ணீர் ஊற்றினான் என்று ஒரு முழுப் பாடமே இருக்கிறது. தைரியமாக எழுதிவைத்திருக்கிறார்கள். இன்றைக்கு ஒவ்வொரு பதினேழு வயதுப் பிள்ளையும் படித்தாக வேண்டிய பாடம் ஒன்றே ஒன்று என்றால் அது அதுதான். நம் ஆரூடக்காரர்களுக்கோ அது சாய்ஸில் விடத்தக்க பாடங்களில் ஒன்று.

டெல்லிக்காரர்களுக்குப் பக்கத்தைக் கிழிக்க ஒரு குழு வேண்டியிருக்கிறது, கூட்டம் போட வேண்டியிருக்கிறது, கெட்ட பெயரும் வருகிறது. இங்கே அந்தச் சிரமம் எதுவும் இல்லை. நம் பிள்ளைக்கு நாமே காசு கொடுத்துக் கைடு வாங்கி, எந்தப் பக்கத்தைக் கிழிக்கலாம் என்று குறித்துக் கொடுக்க டியூஷனும் வைக்கிறோம். அங்கே செய்தால் அது வரலாற்றுத் திரிப்பு. இங்கே செய்தால் ஸ்மார்ட் ஸ்டடி.

இப்படிக் கரையேறுகிறவன் அடுத்த மாதமே எல்லாவற்றையும் மறக்கிறான். மறந்த இடத்தை வாட்ஸ்அப் நிரப்புகிறது. நேரு முஸ்லிம் என்று ஒருவன் அனுப்புகிறான். சோழர் கொடி இமயமலையில் இன்றும் பறக்கிறது என்று இன்னொருவன். இரண்டையும் நம் பையன் குடும்பக் குழுவில் பகிர்கிறான், சந்தேகம் கேட்கத் தெரியாமல். ஒரு ஆதாரத்தை எப்படிப் பார்ப்பது, எழுதியவன் யார், அவனுக்கு இதில் என்ன ஆதாயம் என்று எந்த வினாத்தாளும் அவனிடம் கேட்டதில்லை. (சமச்சீர்ப் புத்தகத்தை வரி விடாமல் படிக்கிற கூட்டம் தமிழ்நாட்டில் ஒன்று உண்டு, டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதுகிறவர்கள். பாவம், அவர்களும் ஒரு வட்டத்தைக் கறுப்பாக்குவதற்காகத்தான் படிக்கிறார்கள்.)

அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்கு ஒரு வேண்டுகோள். ஜாலியன்வாலா பாக் படுகொலைக்காக ஹண்டர் குழு டயரை விசாரித்தபோது, குழு உறுப்பினர் சிமன்லால் செதல்வாட் குறுக்குக் கேள்வி கேட்டார். வாசல் குறுகலாக இல்லாதிருந்தால், இயந்திரத் துப்பாக்கி பூட்டிய கவச வண்டிகளை உள்ளே கொண்டுபோய்ச் சுட்டிருப்பீர்களா என்று. அநேகமாகச் சுட்டிருப்பேன் என்றான் டயர். அவனுக்கு ஆதரவாக இங்கிலாந்தில் ஒரு பத்திரிகை 26,000 பவுண்டுக்கு மேல் வசூலித்துக் கொடுத்தது. அந்த விசாரணையிலிருந்து அரைப் பக்கத்தைத் தமிழாக்கி வினாத்தாளிலேயே அச்சிடுங்கள். டயர் எதை மறைக்கிறான், எதை மறைக்கவே இல்லை, அவனுக்குப் பணம் போட்டவர்கள் எதற்காகப் போட்டிருப்பார்கள் என்று கேளுங்கள். 'அல்லது' வேண்டாம். ஐந்து மார்க் போதும். எந்தத் தாளிலும் இதுவரை வராத ஒரு கேள்வி ஆண்டுதோறும் கட்டாயம் வரும் என்று ஓர் அரசாணை போடுங்கள். கைடு கம்பெனிகள் கோர்ட்டுக்குப் போனால் போகட்டும்.