பென்சிலுக்கு இடப்பக்கம்

என் மகன் கெட்டிக்காரன் என்று திருத்தங்கலில் நான் சொல்லாத ஆள் கிடையாது. அச்சகத்தில் கூட வேலை பார்ப்பவர்கள், டீக்கடை, பெருமாள் கோயில் படிக்கட்டில் காற்று வாங்க உட்காருபவர்கள் எல்லோரும் கேட்டாயிற்று. பாக்கி இருந்தது குழந்தை டாக்டர் மட்டும்தான். ஒன்றரை வயது பூஸ்டர் ஊசிக்குப் போகும்போது அவர் காதிலும் போட்டுவிடுவது என்று கிளம்பினேன்.

முதல் நாள் ராத்திரியே வீட்டில் ஒத்திகை. எங்கள் அச்சகத்தில் ஓட்டிய விலங்குகள் படம் ஒன்று, நிறங்கள் பொருந்தாமல் ரிஜிஸ்டர் தள்ளிப்போய்க் கழித்த ஷீட், வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. “யானை எங்கடா?” என்றால் டக்கென்று விரலை வைப்பான். அவன் கைக்கு எட்டும் உயரத்தில் யானை ஒன்றுதான் இருக்கிறது என்பதை மனைவி சொல்லித்தான் கவனித்தேன். அந்த விவரத்தை யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் ஒரு அட்டையை எடுத்தார். திருவனந்தபுரம் குழந்தை வளர்ச்சி மையத்தில் உருவாக்கி 1991-இல் வெளியிட்ட அட்டவணையாம். பிறந்ததிலிருந்து 2 வயது வரைக்கும் மொத்தம் 17 செயல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு படுக்கைக் கோடு. நூற்றில் 3 பிள்ளைகள் அதைச் செய்யும் வயதில் கோடு தொடங்கும், 97 பிள்ளைகள் செய்துவிடும் வயதில் முடியும். பிள்ளையின் வயதில் ஒரு பென்சிலை நிமிர்த்தி வைக்க வேண்டும். பென்சிலுக்கு இடப்பக்கம் முடிந்துபோன கோடுகளில் ஒன்றைச் செய்யாவிட்டாலும் கவனிக்கணும். அவ்வளவுதான் பரீட்சை. முதல் மார்க், ரேங்க் எதற்கும் அதில் இடமே இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

“எப்போ நடந்தான்?”

“ஒரு வயசுலயே, சார்.” மனைவி தொண்டையைக் கனைத்தாள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பத்து மாதத்தில் நடந்ததற்குப் பதிலாக நான் ஊருக்குச் சொல்லிவந்த கணக்கு அது. உண்மையில் ஒன்றே கால் வயது. டாக்டர் சிரித்தார். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட அளவுப்படி தனியாக நடக்கிற வயது 8 மாதத்திலிருந்து 17 மாதத்துக்கு மேல் வரை போகிறது என்றார். இத்தனை நாள் வீணாகப் பொய் சொல்லியிருக்கிறேன்.

“காது நல்லாக் கேட்குது சார். பட்டாசு ஆலையில சோதனை வெடி போட்டா உடனே திரும்பிப் பார்த்து ‘டம்’னு வானத்தைக் காட்டுவான்.”

“வெடிக்கு யாரும் திரும்புவாங்க தம்பி. மெதுவாக் கூப்பிட்டாத் திரும்பணும்.” முதுகுப் பக்கம் போய் மெல்லக் கூப்பிட்டார். திரும்பினான். எனக்குப் போன உயிர் வந்தது.

அடுத்து பொம்மை. “மூக்கு எங்கடா கண்ணா?” பயல் என் கண்ணாடியைப் பிடுங்கினான். “மூக்குடா… மூக்கு…” என்று என் மூக்கையே தொட்டுக் காட்டினேன். “நீங்க பாஸ் பண்ணிட்டீங்க. அவனை விடுங்க” என்றார் டாக்டர். அந்தக் கோடு இன்னும் முடியவில்லை, அவசரமில்லை என்றும் சொன்னார்.

பேச்சுக்கு வந்தபோது பதினைந்து வார்த்தை என்றேன். எண்ணிப் பார்த்ததில் அர்த்தத்தோடு சொல்வது ‘ஆச்சி’, ‘தா’, ‘டம்’. மற்றதெல்லாம் போனில் ஓடும் பாட்டின் வால். அட்டவணை கேட்டது இரண்டே வார்த்தை, தேறினான். ஆனால் “போன் எவ்வளவு நேரம்?” என்ற கேள்வியில் நான் தேறவில்லை. “சாப்பிடும்போது மட்டும்” என்றேன். அவன் நாள் முழுக்கச் சாப்பிடுகிறானா என்று மனைவி கேட்டாள். 2 வயது நிறைகிற வரை திரையே வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இலேயே சொல்லிவிட்டது.

ஊசி போட்டதும் அவனுக்கு முன்னால் நான்தான் கண்ணை மூடினேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஊசிக்கு எடுத்துப்போகிற தாய் சேய் அட்டையில் எந்த வயதில் பிள்ளை என்ன செய்யும் என்று படம் போட்டே இருக்கிறது. அச்சகத்துக்காரன் நான், பேப்பர் தரத்தைத் தடவிப் பார்த்ததோடு சரி. நீங்கள் படித்துவிட்டுப் போங்கள். நடந்த மாதத்தைக் கூட்டிக் குறைக்காமல் சொல்லுங்கள். ஏதாவது பிந்தியிருந்தால் பார்ப்பதற்கென்றே மாவட்ட இடையீட்டுச் சேவை மையம் வைத்திருக்கிறார்கள். அங்கே காசு கிடையாது.