அறை எண் 14-ஐ வீடாக்குவது எப்படி?

பெற்றவர்களைக் கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு முதியோர் குடியிருப்பில் சேர்த்துவிட்டு, அந்த அறையை 'நம்ம வீடு மாதிரியே' ஆக்கித் தரத் துடிக்கும் பிள்ளைகளுக்காக இந்தக் குறிப்புகள். எழுதும் தகுதி எனக்கு உண்டு. அப்படி ஆக்கப்பட்ட ஓர் அறையில்தான் மூன்று வருஷமாகக் குடியிருக்கிறேன்.

முதல் காரியமாக டேப் பிடித்து அறையை அளந்துகொள்ளுங்கள். பிறகு அந்த அளவைச் சுத்தமாக மறந்துவிட்டு, வீட்டிலிருந்த எல்லாவற்றையும் லாரியில் ஏற்றுங்கள். என் பிள்ளை ஊஞ்சலை ஏற்றினான். நாற்பது வருஷம் ஆடிய தேக்குப் பலகை. இங்கே விட்டத்தில் கொக்கி கிடையாது, துளை போட நிர்வாகம் விடாது. சங்கிலி ஒரு சாக்குப் பையில் போயிற்று, பலகை கட்டிலுக்கு அடியில் போயிற்று. "கண்ணுக்கு முன்னாடி இருந்தா உனக்கு ஒரு ஆறுதல்மா" என்றான். அதைப் பார்க்க நான் குனிய வேண்டும். குனியவே கூடாது என்பது எலும்பு டாக்டர் உத்தரவு.

சுவரைக் காலியாக விடாதீர்கள். மாலை போட்ட படங்களை எல்லாம் கட்டிலுக்கு நேர் எதிரே வரிசையாக மாட்டுங்கள். மாமனார், மாமியார், வீட்டுக்காரர், இரண்டு நாத்தனார்கள். காலையில் கண் விழித்ததும் ஐந்து பேரும் ஒரே கேள்வியைக் கேட்பதுபோல் பார்ப்பார்கள்: இன்னும் கிளம்பலையா?

விளக்கு மங்கலாகவும் மஞ்சளாகவும் இருக்கட்டும், போட்டோவில் அழகாக வரும். அறுபது வயதுக்காரர் விழித்திரைக்குப் போய்ச் சேரும் வெளிச்சம், இருபது வயதுக்காரருக்குப் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று கண் மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அதெல்லாம் காதில் விழ வேண்டாம். தரைக்கு ஒரு கம்பளமும் அவசியம். ஓரம் லேசாகச் சுருண்டிருந்தால் விசேஷம்: ராத்திரி மூன்று மணிக்குப் பாத்ரூம் போகிறவள் காலில் மாட்டும். பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறார்களே, அது ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறதென்று என் மருமகள் பிளாஸ்டிக் கொடி சுற்றிவிட்டாள். கம்பியைப் பிடித்தால் இலை கையோடு வருகிறது.

மூலையில் ஒரு கேமரா. பழைய வீட்டில் எதிர்வீட்டு அம்மாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பாள், அந்தக் குறை தெரியக் கூடாது அல்லவா? ஒரே வித்தியாசம், அவள் பார்த்துவிட்டுக் கீரையாவது கொடுத்துவிடுவாள்.

அடுத்தது செடி. இதைக் கொஞ்சம் விரித்தே சொல்ல வேண்டும். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்து முதியோர் இல்லம் ஒன்றில் எலன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இரண்டு உளவியல் பெண்மணிகள் ஒரு சோதனை செய்து, 1976-ல் வெளியிட்டார்கள். ஒரு மாடியில் இருந்தவர்களிடம், "உங்கள் அறையை எப்படி வைத்துக்கொள்வது, எதைச் செய்வது என்பதெல்லாம் உங்கள் இஷ்டம். இந்தச் செடிகளில் பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீர் ஊற்றுவது உங்கள் பொறுப்பு" என்றார்கள். இன்னொரு மாடியில் செடியைக் கையில் கொடுத்து, "நர்ஸ்கள் பார்த்துக்கொள்வார்கள்" என்று சொல்லிவிட்டார்கள். மூன்று வாரத்தில் முதல் மாடிக்காரர்களிடம் சுறுசுறுப்பும் கலகலப்பும் கூடியிருந்தன. ஒன்றரை வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தபோதும் அவர்கள் கைதான் மேலே இருந்தது.

இதை என் பிள்ளை எங்கோ படித்திருக்கிறான். மறு வாரமே ஒரு மணி பிளான்ட் வந்து இறங்கியது, தானே தண்ணீர் எடுத்துக்கொள்ளும் தொட்டியோடு. "நீ ஒண்ணுமே பண்ண வேண்டாம்மா." நான் ஒன்றும் பண்ணவில்லை. அது செழிப்பாக இருக்கிறது.

காபிக்கு வருவோம். இங்கே ஆறரைக்குப் பிளாஸ்கில் வரும். நான் ஐந்து மணிக்கு எழுகிறவள். சிறுவாணித் தண்ணீரில் டிகாஷன் இறக்கிப் பழகிய கைக்கு ஒன்றரை மணி நேரம் வேலை கிடையாது. அடுப்பு வைக்கக் கூடாது, நியாயம்தான், அடுத்த அறைக்காரர் ஒருமுறை பாலை வைத்துவிட்டு மெகா சீரியல் பார்க்கப் போனவர். கெட்டில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பிள்ளை கையெழுத்துப் போட வேண்டுமாம். முப்பத்து மூன்று வருஷம் பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளின் ராங்க் கார்டில் கையெழுத்துப் போட்டவள் நான். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கென்று 2007-ல் சட்டமே வந்திருக்கிறது. மாதம் பத்தாயிரம் ரூபாய் வரை ஜீவனாம்சம் கொடுக்கச் சொல்லித் தீர்ப்பாயம் உத்தரவு போடலாம். நம்மைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் திரும்பக் கேட்கலாம். கெட்டிலைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. ஆக, பிள்ளைகளே, எவர்சில்வர் பில்டரை மட்டும் பளபளவென்று தேய்த்து ஷோகேஸில் வையுங்கள். வருகிறவர்கள், "அடடா, அப்படியே உங்க வீட்டுச் சமையல்கட்டு!" என்பார்கள்.

கடைசியாகத் தினசரி காலண்டர். இதை மட்டும் என் பிள்ளை உருப்படியாகச் செய்தான், பழைய வீட்டில் மாட்டியிருந்த அதே கடைக் காலண்டர், அதே முருகன். கல்யாணமான நாளிலிருந்து எங்கள் வீட்டில் தேதி கிழிப்பது நான்தான். கிழித்து, நல்ல நேரமும் சூலமும் பார்த்து, பின்பக்கத்தில் பால் கணக்கு எழுதுவேன். இங்கே அறை துடைக்க வரும் பெண் தங்கமானவள், கூடலூர்க்காரி. நான் குளித்துவிட்டு வருவதற்குள் தேதியைக் கிழித்துக் கசக்கிக் குப்பையில் போட்டிருப்பாள். ஒருநாள் ஆர்வத்தில் இரண்டு தாளாகக் கிழித்துவிட்டாள். அன்றைக்கு முழுக்க நான் வெள்ளிக்கிழமையில் இருந்தேன், மற்றவர்கள் வியாழக்கிழமையில்.

இப்போது இரவு படுக்கும்போது காலண்டரை ஆணியிலிருந்து கழற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். நேற்று அவள் வெறும் ஆணியைப் பார்த்துவிட்டு, "என்னங்கம்மா, இன்னைக்கு என்ன தேதிங்க?" என்றாள்.

"இரு, நான் இன்னும் கிழிக்கலை" என்றேன்.