தண்ணிக்குக் காசு குடுக்காதே மாப்ளே

பாரிசுக்குப் போறியாமா? வண்டித்தாவளம் டீக்கடைக்காரன் வரைக்கும் சேதி சொல்லியாச்சு, தாய்மாமனுக்கு மட்டும் கடைசியாத்தான் வருது. சரி, இருக்கட்டும். சக்கரம் வெச்ச பெட்டி வாங்கியாச்சு, குளிருக்குக் கோட்டு வாங்கியாச்சு, கறுப்புக் கண்ணாடியும் வாங்கியாச்சாமா. மூளை மட்டும்தான் வாங்கலைன்னு உங்கம்மா சொன்னா. அதை நான் ஓசியில தர்றேன், உக்காரு.

அப்படிப் பாக்காதே. என்ற மக பேறுகாலத்துக்குப் போயி அந்த ஊருல இருந்துட்டு வந்தவன் நான். உங்கத்தை கொழந்தையக் குளிப்பாட்டிட்டு இருப்பா. எனக்கு அங்க என்ன வேலை? ஊரைச் சுத்தினேன். பிரெஞ்சு தெரியுமான்னு கேப்பே. எனக்கு மலையாளமே அரைகுறை. அதை வெச்சுட்டுத்தானே பாலக்காட்டுச் சித்தூர் தாலுக்காபீசுல காரியம் நடத்திட்டு இருக்கேன்?

மொதல்ல தண்ணி. சிரிக்காதே. நீ பொறந்த பஞ்சாயத்து எது? பெருமாட்டி. பிளாச்சிமடை யாரோட பஞ்சாயத்துல இருக்குது? நம்முளுது. 2000-ல அங்க கொக்கோ கோலா ஃபேக்டரி வந்துது, நிலத்தடித் தண்ணிய எடுத்துது. 2002 ஏப்ரல்ல அந்த ஊரு ஆதிவாசி அம்மா மயிலம்மாவும் காலனிச் சனங்களும் போராட்டம் ஆரமிச்சாங்க. 2003-ல பஞ்சாயத்து லைசென்சைப் புதுப்பிக்க மாட்டேன்னுது. 2004 மார்ச்சுல ஃபேக்டரி நின்னுது. அந்த வருசம் ஜனவரியில இங்க உலகத் தண்ணி மாநாடு நடந்தப்ப, பெரிய மீசை வெச்ச ஒரு பிரெஞ்சு விவசாயி வந்தாரு, ஜோசே போவேன்னு பேரு. 1999-ல அவங்க பக்கத்து ஊரான மியோவுல கட்டிட்டு இருந்த மெக்டொனால்ட்ஸ் கடையப் பிரிச்சுப் போட்டவரு. பிரான்சுக்காரனே நம்மளத் தேடி வந்துட்டுப் போயி இத்தனை வருசம் கழிச்சு நீ பதிலுக்குப் போறே. போறவன் பெருமாட்டிப் பேரைக் கெடுக்காமப் போகோணும்.

எப்படிக் கெடும்னா கேளு. ஓட்டலுக்குள்ள உக்காருவே. வெள்ளைச் சட்டைக்காரன் வந்து நிப்பான். நீ மிதப்பா 'வாட்டர்'னு சொல்லுவே. அவன் பாட்டிலைத் தொறந்து வெச்சுட்டுப் போயிருவான். பில்லு வரும்போது அந்தத் தண்ணிக்கு மட்டும் அஞ்சாறு யூரோ நிக்கும். பெருமாட்டிக்காரன் பாட்டில் தண்ணிக்குக் காசு குடுத்தான்னு தெரிஞ்சா பிளாச்சிமடைக் கெழவிக உன்னைச் சும்மா விடுவாளுகளா? அதனால 'உன் கராஃப் தோ, சில் வூ ப்ளே'ன்னு சொல்லு. குழாய்த்தண்ணி கூஜாவுல வரும். சாப்பிட வந்தவனுக்கு அதைச் சும்மா குடுக்கோணும்னு அங்க சட்டமே இருக்குது. வெள்ளைச் சட்டைக்காரன் மூஞ்சி சித்தே சுருங்கும். சுருங்கட்டும், அந்தச் சுருக்கத்துக்கும் பில்லு கிடையாது.

தெருவுல நடக்கறப்போ பச்சைப் பெயிண்டு அடிச்ச வார்ப்பிரும்புத் தண்ணிக்கம்பம் தெம்படும். நாலு பொம்பளைக ஒரு கூரையத் தலையில தாங்கிட்டு நிப்பாங்க. வாலஸ்னு ஒரு இங்கிலீஷ்காரப் பணக்காரன் 1872-ல வெச்சுக் குடுத்தது. அதுக்கு முந்தின வருசம்தான் சண்டையும் முற்றுகையும் முடிஞ்சு ஊரே ஓஞ்சு கெடந்துது. ஏழைசாழைகளுக்கு நல்ல தண்ணி கிடைக்கறதைவிட சாராயம் கிடைக்கறது சுளுவுன்னு இருந்த காலம். பொட்டியில ஒரு காலி பாட்டில் வெச்சுக்க, கண்ட எடத்துல புடிச்சுக் குடி. பனிக்காலத்துல மட்டும் குழாய் ஒறைஞ்சுருமுன்னு மூடி வெச்சிருப்பாங்க.

இன்னொண்ணும் சொல்றேன், இதை நோட்டுல எழுதிக்க. அந்த ஊருத் தண்ணி விநியோகத்தை 1985-ல ரெண்டு கம்பெனிக கையில குடுத்தாங்க, சீன் ஆத்துக்கு இந்தக் கரை ஒருத்தனுக்கு, அந்தக் கரை ஒருத்தனுக்கு. 25 வருசம் பாத்துட்டு 2010-ல நகராட்சியே திருப்பி எடுத்துக்கிச்சு. அடுத்த வருசமே தண்ணி வெலைய 8 சதவீதம் கொறைச்சாங்க. பெருமாட்டிப் பஞ்சாயத்துக்குப் புரிஞ்சது பாரிசு முனிசிபாலிட்டிக்குப் புரிய ஏழு வருசம் கூட ஆயிருக்குது, அவ்வளவுதான்.

இதைச் சுத்திச் சுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்குது. புது ஊருல கால் வெச்சதும் எது பொது, எது கடைன்னு தெரிஞ்சுக்கோணும். தெரியாதவன்கிட்ட பொதுவுல இருக்கறதையே கடையாக்கி விப்பானுக. மத்த புத்தியெல்லாம் இதுக்குள்ள அடக்கம்.

ஏரோப்ளேன் எறங்கினதுமே சோதனை வரும். சார்லஸ் த கோல் ஏர்போர்ட்டுல வெளிய வர்றதுக்குள்ள ஒருத்தன் 'டாக்சி டாக்சி'ன்னு காதுகிட்ட வந்து முணுமுணுப்பான். ஒழுங்கான டாக்சிக்காரன் உள்ள வந்து ஆள் புடிக்க மாட்டான், வெளிய வரிசையில நிப்பான். அவனுக்கு அரசாங்கமே ரேட்டு எழுதி வெச்சிருக்குது. 2025 கணக்குப்படி ஆத்துக்கு வலது கரைன்னா 56 யூரோ, இடது கரைன்னா 65. ராத்திரியானாலும் டிராபிக்கானாலும் அதேதான். நீங்க புருசன் பொண்டாட்டி ரெண்டே பேரு, ரயிலே போதும். ஆர்.இ.ஆர். பி-ன்னு கேளு. கார் து நோர் ஸ்டேசன்ல கொண்டு விட்டுரும், 2025-ல ஆளுக்கு 13 யூரோவா இருந்துது.

ஊருக்குள்ள மெட்ரோ ரயிலு. 2025 ஜனவரியில எங்க ஏறி எங்க எறங்கினாலும் ஒரே கட்டணம்னு ஆக்கிட்டாங்க, அந்த வருசம் 2.50 யூரோவா இருந்துது. நவிகோன்னு ஒரு கார்டு வாங்கிக்கோணும். ஒரு கார்டைத் தேச்சு நீ போயிட்டு, வேலிக்கு மேல எட்டி அதையே உன்ற சம்சாரத்துக்குக் குடுக்கலாமுன்னு உனக்குத் தோணும். உன்ற புத்தி எனக்குத் தெரியாதா? ஆளுக்கொண்ணு வேணும். வெளிய போற வழியிலயும் பரிசோதகர் நிப்பாங்க, அபராதம் அங்கயே கட்டச் சொல்லுவாங்க. அப்ப மட்டும் உனக்கு இங்கிலீசும் மறந்துரும்.

பர்சைப் பின்பாக்கெட்டுல வெக்காதே. மெட்ரோவுல பின்பாக்கெட்டுப் பர்சு ஊருக்குப் பொது. சம்சாரத்துகிட்டக் குடுத்துரு, இங்கயும் அவகிட்டத்தானே இருக்குது.

மோன்மார்த்ருன்னு ஒரு மேடு, உச்சியில வெள்ளைக் கோயிலு. படியேறும்போது கையப் புடிச்சு ஒருத்தன் கலர்க்கயிறு கட்ட வருவான். சாமிக்கயிறுன்னு நெனைச்சுக் கையக் குடுத்தே, முடிச்சுப் போட்டதும் காசு கேப்பான். ஆத்தோரத்துல இன்னொருத்தன் குனிஞ்சு தங்க மோதரம் எடுத்து 'உங்களுதா?'ன்னு கேப்பான். பித்தளை, மாப்ளே. அட்டையில காகிதத்தை வெச்சுட்டு, காது கேக்காத புள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடுங்கன்னு பொண்ணுக வரும். நீ கையெழுத்துப் போடற நேரத்துக்கு இன்னொரு கை உன்ற பையில இருக்கும். ஐஃபில் கோபுரத்துக்கு அடியில மூணு கிண்ணத்தைக் கவுத்துப் பந்து எங்கன்னு கேப்பானுக. கொங்கன்படைத் திருவிழாவுல நீ மூணு சீட்டுல தோத்தது எனக்குத் தெரியும், உங்கம்மாகிட்ட இன்னும் சொல்லலை. அதே ஆட்டந்தான், சுத்தி நின்னு ஜெயிக்கறவனெல்லாம் அவனுக ஆளுதான்.

கடைக்குள்ள நொழைஞ்சா மொத வார்த்தை 'போன்ஜூர்'. அதைச் சொல்லாம 'ஹவ் மச்'னு ஆரமிச்சா, நீ நிக்கறதே அவங்க கண்ணுக்குத் தெரியாது. பாரிசுக்காரன் திமிர் புடிச்சவன்னு ஊருக்கு வந்து பேசறவனெல்லாம் போன்ஜூர் சொல்லாதவந்தான்.

மத்தியானச் சாப்பாட்டை 2 மணிக்குள்ள முடிச்சுக்க. அதுக்கப்பறம் முக்கால்வாசி அடுப்பு அணைஞ்சுரும், ராத்திரி 7 மணிக்குத்தான் பத்தும். நீ ஊருல மூணு மணிக்கு எந்திரிச்சு வந்து சோத்துக்குச் சத்தம் போடற வேலையெல்லாம் அங்க செல்லாது. காப்பிய நின்னுட்டே கல்லாமேசையில குடிச்சா ஒரு ரேட்டு, தெருவுல நாக்காலி போட்டு உக்காந்து குடிச்சா அதைவிட ஒசந்த ரேட்டு. பில்லுலயே சர்வீஸ் சேந்திருக்கும், டிப்சு வெக்கலைன்னு யாரும் சட்டையப் புடிக்க மாட்டாங்க.

நாலாம் நாள் நாக்கு செத்துரும். அப்ப ரெண்டாம் நம்பர் மெட்ரோவுல லா ஷப்பெல் ஸ்டேசனுக்குப் போ. எறங்கினா தமிழ் போர்டு, கொத்துரொட்டிச் சத்தம், மட்டன் ரோல்சு. எல்லாம் இலங்கைத் தமிழருங்க, சண்டைக்குத் தப்பி வந்து கையூனிக் கர்ணம் போட்டு நின்னவங்க. 1985-ல ஆரமிச்ச மாணிக்கப் பிள்ளையார் கோயிலு பக்கத்துலயே இருக்குது. ஆகஸ்டு கடைசியில தேர் கெளம்பினா, ரோட்டுல தேங்காய மலைமலையாக் குவிச்சு ஒடைப்பாங்க. அங்க 'அண்ணை'ன்னு கூப்பிட்டா வழியும் சொல்லுவாங்க, ஊரு எதுன்னும் கேப்பாங்க. பாலக்காடுன்னு சொல்லிட்டு எம்.ஜி.ஆர். எங்க ஊர்க்காரர்னு ஆரமிச்சராதே, கடை சாத்தற வரைக்கும் விட மாட்டாங்க. அதுக்குன்னு நித்தம் அங்கயே போயி இட்டிலி தின்னுட்டுப் பாரிசைப் பாத்துட்டேன்னு வந்து நிக்காதே.

பாக்க வேண்டியதுக்கு வருவோம். லூவ்ர் மியூசியம் செவ்வாய்க்கெழமை லீவு, ஓர்சே திங்கக்கெழமை லீவு. 2026 ஜனவரியிலிருந்து லூவ்ருல ஐரோப்பாக்காரனுக்கு 22 யூரோ, நம்மளுக்கு 32. அதே மோனாலிசா, அதே சிரிப்பு, பத்து யூரோ கூட. படம் 77 சென்டிமீட்டர் ஒசரந்தான். உங்கூட்டுக் கல்யாணப் போட்டோ அதைவிடப் பெருசு. கட்டாதேன்னு சொல்லலை, அதையும் பாத்துட்டு, காசே கேக்காத பெட்டி பலே, கார்னவாலே ரெண்டையும் பாரு. நகராட்சியோட மியூசியம், நிரந்தரமா வெச்சிருக்கற சரக்கைப் பாக்க டிக்கெட்டே கிடையாது. நோத்ர தாம் கோயிலு 2019-ல எரிஞ்சு 2024 டிசம்பர்ல மறுபடி தொறந்தாங்க, உள்ள போறதும் ஓசிதான். வாசல்ல எவனாச்சும் டிக்கெட் வித்தா அவனுக்கு ஒரு போன்ஜூர் சொல்லிட்டு நடந்துட்டே இரு.

ஐஃபில் கோபுரம் 1889-ல கட்டினது, 330 மீட்டர். 674 படி ஏறினா ரெண்டாவது தட்டு வரும், லிப்டைவிட அது மலிவு. நம்ம யூபிஐ 2024 பிப்ரவரியிலயே அந்த டிக்கெட்டுக்குச் செல்லும்னு ஆக்கிட்டாங்க. அதை நம்பிட்டுக் கார்டும் காசும் எடுக்காமப் போயி, ரொட்டிக்கடையில கியூஆர் கோடு எங்கன்னு தேடாதே. பொழுது சாஞ்சா மணிக்கொருக்கா கோபுரம் பூராவும் அஞ்சு நிமிசம் மினுக்கும். த்ரோக்காதேரோ மேட்டுல நின்னு பாத்தா அதுக்கு டிக்கெட் இல்லை. ஜூன் மாசம்னா பொழுது சாய ராத்திரி பத்து மணியாகும், சாயங்காலமே போயிக் காத்துட்டு நிக்காதே. அப்பறம், 1923-லிருந்து சீன் ஆத்துல குளிக்கத் தடை. 2025 ஜூலையில மூணு எடத்துல தொறந்து விட்டாங்க. கோடையில ஓசியாக் குளிக்கலாம். துண்டு கட்டிட்டு எறங்காதே, நிக்கர் வேணும்.

கக்கூசு விசயத்தைக் கூச்சப்படாமச் சொல்றேன். தெருவுல சாம்பல் நெறத்துல தானாத் தொறக்கற கூண்டு இருக்கும், இனாம். ஸ்டேசனுக்குள்ள இருக்கறதுக்குக் காசு. எங்க போனாலும் காகிதந்தான், தண்ணி இருக்காது. வாலஸ் தண்ணி புடிச்ச பாட்டில் எதுக்குன்னு இப்பப் புரியுதா?

எனக்கு ஒண்ணும் வாங்கிட்டு வர வேண்டாம். சத்தியமா வேண்டாம். ஆனா ஒரு கணக்கு மட்டும் சொல்லி வெக்கறேன். திரும்பி வர்றப்ப ஆளுக்கு 2 லிட்டர் சரக்குக்கு நம்ம சுங்கத்துல வரி கிடையாது.  ஒரு வைன் பாட்டில் 750 மில்லி, அப்போ ஆளுக்கு ரெண்டுன்னு நாலு பாட்டில் தாராளமா வரும். அரசாங்கமே சும்மா விடறேன்னு சொல்றதை விட்டுட்டு வர்றவன் பெருமாட்டிக்காரனா? கேக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். உங்கத்தை கேட்டா மாமனுக்கு இருமல் மருந்துன்னு சொல்லிக்கலாம். செகப்பா இருக்கறதா எடு, வெள்ளை நம்ம சித்தூர்க் கள்ளுலயே இருக்குது.