அது வருமெண்டு தெரியும்

கராத்தே வகுப்பில் பிந்திச் சேர்ந்து வெள்ளைப்பட்டியோடு நிற்கும் நாற்பது கடந்த ஆண்மகனை அவருடைய குத்தைக் கொண்டோ உதையைக் கொண்டோ அடையாளம் காண முடியாது. அடி விழுந்த இரண்டாவது நொடியில் அவர் வாயிலிருந்து புறப்படும் "அது வருமெண்டு தெரியும்" என்ற வாக்கியத்தைக் கொண்டே காண வேண்டும். வெள்ளவத்தைக் காலி வீதி தொடங்கிப் பாமன்கடைச் சந்தி வரையில், சனிக்கிழமை மாலைகளில் வாடகை மண்டபங்களில் கூடும் வகுப்புகள் எதிலும் இவர் ஒருவராவது இல்லாமற்போவதில்லை. முதல் மாதம் மகனைக் கொண்டுவந்து விட்டு வாசலில் காத்து நின்ற தகப்பன், இரண்டாம் மாதம் சும்மா நிற்பானேன் என்று தானும் சேர்ந்துகொண்ட மாணவன், மூன்றாம் மாதம் கேளாமலே கிடைக்கும் ஆலோசகர் என்பதே இவரது வளர்ச்சி வரலாறு. தொழிலால் பெரும்பாலும் கணக்காளர்.

குமிதே எனப்படுவது, இருவர் எதிரெதிரே நின்று, காயம் நேராத கட்டுப்பாட்டுடன் குத்தியும் உதைத்தும் தடுத்தும் பழகுகின்ற பயிற்சியாகும். வகுக்கப்பட்ட அசைவுகளைத் தனியே நின்று வரிசையாகச் செய்து காட்டும் கதா என்பதிலிருந்து இது வேறானது. கதாவில் எதிரி கற்பனையானவர் ஆதலால் அவரை இவர் ஒவ்வொரு வாரமும் தவறாமல் வென்றுவிடுகிறார். குமிதேயில் எதிரே நிற்பதோ, இரட்டைப் பின்னலும் பச்சைப்பட்டியுமாகப் பதின்மூன்று வயதுச் சிறுமி. "அங்கிள், கையை இறக்காதேங்கோ" என்று அவள் மரியாதையாக எச்சரிக்கிறாள். அந்த மரியாதை சற்றும் குறையாமலே இடுப்பைத் திருப்பி, மவாஷிகெரி என்னும் வட்டமாகச் சுழன்று வரும் உதையை அவரது விலாவில் வைக்கிறாள். வைத்த கையோடு "சொறி அங்கிள்" என்றும் சொல்லிவிடுகிறாள். நிறுத்து எனப் பொருள்படும் 'யமே' என்ற கட்டளை மாஸ்ரரிடமிருந்து எழுந்து அடங்குவதற்குள், அங்கிள் பற்கவசத்தைக் கழற்றி உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு, தமக்கு அது வருமென்று தெரியும் என்பதை மண்டபத்துக்கு அறிவிக்கிறார்.

பற்கவசம் என்பது பல்லைக் காப்பதற்காக மேல்வரிசையில் பொருத்திக்கொள்ளும் இறப்பர் அச்சு. அது உள்ளே இருக்கும்வரை தெளிவாகப் பேச இயலாது என்பதால் இவரைப் பொறுத்தவரை அது காப்பன்று, தடை. கழற்றியதும் விளக்கம் விரிகிறது. தொடக்க வாரங்களில் தெரியும் என்பதோடு நின்ற வாக்கியம், நாளடைவில் காரண காரியத்துடன் வளர்ந்து, "பிள்ளை, உம்மட தோள்மூட்டு முதலே அசைஞ்சிட்டுது, நான் கண்டனான்" என்றாகி, அதன்பின் அவளது முழங்கால் இன்னும் சற்று உயர்ந்திருக்க வேண்டும் என்ற திருத்தமாகவும் முற்றுகிறது. உதை வாங்கியவர் உதையின் குறைகளை எடுத்துரைக்க, உதைத்தவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு "ஓம் அங்கிள்" என்று தலையாட்டுகின்ற காட்சியை, வேறெந்தக் கலையின் கற்பித்தல் முறையிலும் காண்பது அரிது. கணக்கிலும் இவர் பிசகுவதில்லை. உலகக் கராத்தே சம்மேளனத்தின் விதிப்படி கைக்குத்துக்கு 1 புள்ளி, உடம்பில் விழும் உதைக்கு 2, தலையில் விழும் உதைக்கு 3. "இப்ப நீர் ஏழு, நான் பூச்சியம்" என்று தமது நட்டத்தைத் தாமே கூட்டிச் சொல்லும் நேர்மை இவரிடம் உண்டு, அது பாராட்டத்தக்கது. நட்டம் ஏற்பட்டபின் நடக்கும் கணக்காய்வைத் தற்காப்பு என்று நம்புவதுதான் கோளாறு.

தெரியும் என்று அவர் சொல்வது பொய்யென்றும் தள்ளிவிட முடியாது. கண்ணால் கண்டதற்கு உடம்பு பதிலளிக்க ஏறத்தாழ ஒரு நொடியில் ஐந்திலொரு பங்கு செல்கிறது. பழகிய கையொன்று வந்து சேர்வதற்கும் அவ்வளவு நேரமே போதும் என்பதால், கண்டபின் தடுக்கப் புறப்படுபவர் எவராயினும் பிந்தியவரே. ஆகவே தேர்ந்தவர்கள் கையைப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. எதிரி ஓர் அடி எடுத்து வைத்தாலன்றித் தம்மை எட்ட முடியாத தொலைவில் நின்றுகொண்டு, அந்த ஓரடியையே அறிவிப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். இருவருக்கும் இடையிலான இத்தொலைவையும் அதைக் காக்கும் தருணத்தையும் சேர்த்து யப்பானியர் 'மா-ஆய்' என்பர். இவரோ எட்டும் தொலைவுக்குள் வந்து நின்று, மூச்சை அடக்கி, கண்ணை இடுக்கி, வலக்கையைத் தொப்பைக்கு இறக்கி, அடி வரும்போது பக்கவாட்டில் விலகாமல் நேர்கோட்டில் பின்வாங்குகிறார். பின்வாங்குபவரைவிட முன்வருபவரின் கால் வேகமானது என்பதை விலா ஒவ்வொரு வாரமும் கற்கிறது, வாய் கற்பதில்லை. புதியவர் முன்னேறுவதற்கு இவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்து, அந்த மாதம் முழுவதும் அதையே கவனித்தால் போதும் என்பது மாஸ்ரரின் கருத்து. மூன்று மாதமாக அவர் இவருக்குச் சொல்லிவருவதும் "கை மேலே" என்ற இரண்டு சொற்களே.

வரலாறும் இவருக்குத் துணை நிற்கிறது. கராத்தேயை 1922இல் ஒகினாவாவிலிருந்து டோக்கியோவுக்குக் கொண்டுசென்ற கிச்சின் ஃபுனகோஷி போட்டி மோதலை விரும்பாதவர் என்பதும், யப்பான் கராத்தே சங்கத்தின் முதலாவது அகில யப்பான் போட்டி அவர் மறைந்த 1957ஆம் ஆண்டில், மறைவுக்குப் பின்னரே நடந்தது என்பதும் உண்மை. அவ்வுண்மை இவர் நினைவுக்கு வருவது, சிறுமி கையுறையை மாட்டும்போது. போதிதர்மர் காஞ்சிபுரத்திலிருந்து சென்று சீனருக்குச் சண்டைக்கலையைக் கற்பித்தார் என்ற கதையையும், 2011இல் வெளிவந்த 'ஏழாம் அறிவு' படத்துக்குப் பின் இவர் விட்டுக்கொடுப்பதில்லை. அது பிற்காலத்தில் தோன்றிய ஐதிகம் என ஆய்வாளர் கொள்வதை எடுத்துச் சொல்வோருக்கும் தனியே ஒரு விளக்கம் உண்டு. உலகுக்கே கொடுத்தவர்களின் வழித்தோன்றல் பாமன்கடையில் வாங்கிக்கொண்டிருக்கிறார்.

ஆயினும் மழை பிடித்து டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தையில் தண்ணீர் நிற்கும் நாளிலும், மகன் வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்ட நாளிலும், சீருடைப் பையைக் குடைக்குள் அணைத்தபடி இவர் வந்துவிடுகிறார். தம் வயதில் மூன்றிலொரு பங்குகூட இல்லாத பிள்ளையிடம் எல்லார் முன்னிலையிலும் தோற்க வாரந்தோறும் பணம் கட்டி வருகின்ற துணிவு, வாசலில் நின்று கைத்தொலைபேசி பார்க்கும் மற்றத் தகப்பன்மாருக்கு இல்லை.

அதற்காக நேரக் கணக்கை மறைக்க முடியாது. மண்டபம் ஒன்றரை மணித்தியாலத்துக்கே வாடகைக்கு எடுக்கப்படுகிறது. குந்தி எழும்புதல், அடிப்படை, கதா எல்லாம் முடிந்து குமிதேக்கு மிஞ்சுவது இருபத்தைந்து நிமிடம்; பதினெட்டு மாணவர், ஒன்பது சோடி, சோடிக்கு இரண்டு நிமிடம். இவருடைய விளக்கம் ஒன்றுக்கு, பற்கவசத்தைக் கழுவி மாட்டும் நேரமும் சேர, நான்கு நிமிடம் செல்கிறது. சுவரோரம் கையுறையோடு குந்தியிருந்த இரண்டு சோடிச் சிறுவர்கள் போன சனிக்கிழமையும் மோதாமலே வீட்டுக்குப் போனார்கள். ஆறரை மணிக்கு மண்டபம் பரதநாட்டிய வகுப்புக்குரியது. சலங்கை கட்டிய பிள்ளைகள் ஆறு இருபதுக்கே வாசலில் வந்து நின்றுவிடுகிறார்கள்.